இசைக்கலவையில் கம்ப்ரசர்: தேர்வும் இணைப்பும்

கம்ப்ரசர் என்பது ஓர் ஒலிப்பதிவில் மிக ஓங்கி ஒலிக்கும் இடத்துக்கும் மிக மெல்ல ஒலிக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கருவியாகும். ஒலியமுக்கி என்று இதைத் தமிழில் சொல்லலாம். எனினும் ஒலிப்பதிவுக் கூடங்களில் கம்ப்ரசர் என்ற சொல்லே வழங்குகிறது. (குளிர்பதனப் பெட்டியில் இருப்பதும், பஞ்சர் கடையில் காற்றடிப்பதும் இதே பெயருடையவை. அவற்றுக்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான்.) முன்பு இது இரும்புப் பெட்டிக்குள் இருந்த மின்சுற்று. இன்று பெரும்பாலும் கணினியில் இயங்கும் பிளக்-இன் என்னும் சிறு மென்பொருள்.

பெயர் தெரியாவிட்டாலும் இந்தக் கருவியின் வேலையைக் கல்யாண வீடியோ பார்த்த எல்லோரும் கேட்டிருப்பார்கள். தாலி கட்டும் நேரம் நெருங்குகிறது. நாகசுரம் மெல்ல ஒலிக்கிறது, பின்னணியில் பேச்சுக் குரல்கள். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று யாரோ குரல் கொடுக்க, தவில்கள் ஒரே நேரத்தில் வெடிக்கின்றன. மண்டபத்தில் நின்றவருக்கு மயிர்க்கூச்செறியும் நொடி அது. வீடியோவிலோ முதல் அடி மட்டும் கரகரவென்று உடைந்து கேட்கிறது. அடுத்த கணமே மேளம் முழுவதும் போர்வைக்குள் புகுந்ததுபோல் சுருங்கிவிடுகிறது. மேளம் நின்றதும் மின்விசிறி இரைச்சலும் குழந்தை அழுகையும் மெல்ல மேலெழுந்து வருகின்றன. கேமராவுக்குள் இருக்கும் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு செய்த வேலை இது. அதுவும் ஒரு கம்ப்ரசர்தான், ஆனால் அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த ஒலி வந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்படி ஆலையிலேயே அமைக்கப்பட்டது. அது கெட்டிமேளத்தையும் ஒரு குறையாகக் கருதிச் சரிசெய்துவிட்டது.

இசைக்கலவை செய்பவர் கம்ப்ரசரைத் தேர்ந்தெடுப்பதென்றால் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறார். எந்த ஏற்ற இறக்கம் இசைக்கு உரியது, எது வெறும் தடங்கல் என்று முதலில் முடிவு செய்கிறார். அதன் பிறகே கருவியைத் தொடுகிறார். இக்கட்டுரை காவிரிப் படுகையின் இசையை, குறிப்பாக நாகசுரம், தவில், தர்காப் பாடல் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகளும் மென்பொருளுடன் வரும் முன்னமைப்புகளும் பெரும்பாலும் ராக் டிரம்ஸ், பேஸ் கிதார், பாப் குரல் ஆகியவற்றை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. முத்துப்பேட்டையிலோ மன்னார்குடியிலோ வீட்டறையில் மடிக்கணினியுடன் உட்கார்ந்து ஊர்க் கச்சேரியைக் கலவை செய்யும் இளைஞருக்கு அவை பாதி வழிதான் காட்டும்.

மதகும் லஸ்கரும்

கடைமடைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்குக் கம்ப்ரசரை விளக்க நீண்ட முன்னுரை வேண்டாம். வாய்க்கால் தலைப்பில் மதகு இருக்கிறது. ஷட்டரை ஏற்றி இறக்க லஸ்கர் இருக்கிறார். சுவரில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் அளவுக்கோடு இருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே ஓடும்வரை லஸ்கர் ஒன்றும் செய்வதில்லை. கோட்டைத் தாண்டினால் ஷட்டரை இறக்குகிறார். மட்டம் தணிந்தால் மீண்டும் ஏற்றுகிறார்.

அந்தக் கோடுதான் கம்ப்ரசரில் திரெஷோல்டு எனப்படும் எல்லை மட்டம். கோட்டைத் தாண்டியதில் எவ்வளவை அடைப்பது என்பது விகிதம். தண்ணீர் ஏறிய பிறகு லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கி முடிக்க ஆகும் நேரம் அட்டாக். மட்டம் தணிந்த பிறகு ஷட்டரைப் பழைய நிலைக்கு ஏற்ற ஆகும் நேரம் ரிலீஸ். உச்சங்கள் குறைந்தபின் மொத்த ஒலியையும் ஒரே அளவாக உயர்த்துவது மேக்கப் கெயின். இந்தக் கடைசிச் செயலுக்கு மட்டும் மதகில் உவமை இல்லை, இல்லாத தண்ணீரை லஸ்கரால் உண்டாக்க முடியாது.

ஒரு கணக்கு: எல்லை மட்டம் கழித்தல் 20 டெசிபெல், விகிதம் 4:1 என்று கொள்வோம். கழித்தல் 8 டெசிபெல்லில் ஓர் அடி விழுகிறது. அது எல்லையை 12 டெசிபெல் தாண்டியிருக்கிறது. 4 டெசிபெல்லுக்கு 1 வீதம் 3 டெசிபெல் மட்டுமே வெளியே விடப்படும். ஆக அந்த அடி கழித்தல் 17இல் ஒலிக்கும். குறைப்பு 9 டெசிபெல். இதை ஈடுகட்ட மேக்கப் கெயினை 9 டெசிபெல் ஏற்றினால், எல்லைக்குக் கீழே இருந்த ஜெனரேட்டர் இரைச்சலும் அதே 9 டெசிபெல் மேலே வரும். வெளியிடப் பதிவுகளில் கம்ப்ரசர் கெட்ட பெயர் வாங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நான்கு குமிழ்களில் தொடக்கநிலையாளர் அதிகம் திருகுவது எல்லை மட்டத்தையும் விகிதத்தையும். ஒலியின் குணத்தை அதிகம் மாற்றுபவை மற்ற இரண்டும், அதாவது அட்டாக்கும் ரிலீஸும். லஸ்கர் எவ்வளவு இறக்கினார் என்பதைவிட எப்போது வந்தார், எப்போது போனார் என்பதுதான் வயலில் தெரியும்.

கருவி வகைகள்

கம்ப்ரசர் முதலில் இசைக்காகத் தோன்றியதன்று. வானொலி ஒலிபரப்பில் அலைவீச்சு அளவு மீறினால் ஒலி உடையும். இசைத்தட்டு வெட்டும்போது ஒலி அளவு மீறினால் ஊசி பக்கத்துப் பள்ளத்தில் பாயும். இவற்றைத் தடுக்கும் காவலாகவே இது வந்தது. பிறகுதான் கலைஞர்கள் இதன் நிறத்தை விரும்பத் தொடங்கினர்.

வேல்வ் காலத்தின் புகழ்பெற்ற கருவி 1950களின் இறுதியில் வந்த ஃபேர்சைல்டு 670. எஸ்டோனியாவில் பிறந்த ரெயின் நார்மா வடிவமைத்தது, 20 வேல்வ்கள் கொண்டது. இதன் குடும்பத்தை வேரி-மியூ என்பர். ஒலி ஏற ஏற விகிதமும் தானாகக் கூடுவதால் அமுக்கம் மென்மையாகத் தெரியும். குழுவாக ஒலிப்பதை ஒட்டவைக்க இதை நாடுவர்.

1960களில் டெலட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஜிம் லாரன்ஸ் உருவாக்கிய எல்ஏ-2ஏ ஒளி வகையைச் சேர்ந்தது. உள்ளே ஓர் ஒளிரும் தகடும், ஒளிபட்டால் மின்தடை மாறும் உணரியும் இருக்கின்றன. ஒலி ஓங்கினால் தகடு ஒளிர்கிறது, உணரி ஒலியைக் குறைக்கிறது. அட்டாக் சுமார் 10 மில்லி விநாடி. ரிலீஸ் இரண்டு கட்டமாக நடக்கும். பாதி தூரம் சுமார் 60 மில்லி விநாடியில் மீளும், மிச்சம் அரை விநாடியிலிருந்து சில விநாடிவரை இழுக்கும். பயன்படுத்துபவருக்கு முக்கியமாக இரண்டே குமிழ்கள். நிதானமான, வயதான லஸ்கர் என்று இதைக் கொள்ளலாம்.

1967இல் பில் புட்னம் வடிவமைத்த 1176 இதற்கு நேரெதிர். எஃப்இடி எனப்படும் டிரான்சிஸ்டர் வகையைக் கொண்டு இயங்குகிறது. அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ விநாடி, ரிலீஸ் 50 முதல் 1100 மில்லி விநாடி. விகிதம் 4, 8, 12, 20 என நான்கு பொத்தான்கள். இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, குமிழின் எண்கள் தலைகீழ்: 7 என்பது மிக வேகம், 1 என்பது மிக மெது. இரண்டு, அதன் "மிக மெது" கூட 0.8 மில்லி விநாடிதான். ஆகவே "அடியின் முனை தப்பிப்போகட்டும், அட்டாக்கை மெதுவாக வை" என்று எங்கோ படித்துவிட்டு 1176இல் குமிழை 1க்குத் திருப்பினால், எதிர்பார்த்தது நடக்காது. இந்தக் கருவிக்கு அந்தக் குணமே கிடையாது.

விசிஏ வகை 1970களில் பரவியது. டேவிட் பிளாக்மர் தொடங்கிய டிபிஎக்ஸ் நிறுவனத்தின் 160உம், பிரிட்டனின் சாலிட் ஸ்டேட் லாஜிக் மிக்ஸிங் மேசைகளின் நடுவில் அமைந்த பஸ் கம்ப்ரசரும் இதில் பெயர்பெற்றவை. துல்லியம், கணிக்கத்தக்க நடத்தை ஆகியவை இதன் பலம். சாலிட் ஸ்டேட் லாஜிக் பஸ் கம்ப்ரசரில் அட்டாக்கை 0.1 முதல் 30 மில்லி விநாடிவரை வைக்கலாம். அடியின் முனையை விட்டுவிட்டு உடலை மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் இந்த வகையை எடுக்க வேண்டும்.

இவற்றின் மென்பொருள் வடிவங்களை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. லாஜிக் மென்பொருளுடன் வரும் கம்ப்ரசரிலேயே ஒளி, எஃப்இடி, விசிஏ ஆகிய மாதிரிகள் உள்ளன. ரீப்பருடன் வரும் ரீகாம்ப், டோக்கியோ டான் லேப்ஸின் இலவசக் கோடெல்னிகாவ் ஆகியவை நிறமற்ற, சுத்தமான கருவிகள். ரீகாம்ப் ஒன்றை வைத்துக்கொண்டே இக்கட்டுரையில் வரும் ஏறத்தாழ எல்லாவற்றையும் செய்யலாம். ஒரு சிறு எச்சரிக்கை: அட்டாக் நேரத்தை அளக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒன்றில் 10 மில்லி விநாடி என்பது இன்னொன்றில் அதே 10 போல் கேட்காது. எண்ணைக் கொண்டு தொடங்கி, காதைக் கொண்டு முடிக்க வேண்டும்.

தவில்: வேகம் கூடினால் ஒலி சுருங்கும் சிக்கல்

தவிலில் இரண்டு கருவிகள் குடியிருக்கின்றன என்று சொன்னால் மிகையில்லை. வழக்கமாக வலக்கை விரல்களில் கூடு அணிந்து வாசிக்கும் வலந்தலை, கண்ணாடி உடைவதுபோல் கூரிய முனையுடைய ஒலி தரும். இடக்கையில் கோல் கொண்டு அடிக்கும் தொப்பி தாழ்ந்த, பரந்த ஒலி தரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவுசெய்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே கம்ப்ரசர் இரண்டையும் நன்றாகக் கையாளாது.

வலந்தலையின் முனை மைக்குக்கு அருகில் தேவைக்கு மேல் கூர்மையாக இருக்கும். இங்கே 1176 போன்ற வேகக் கருவி பொருந்தும். விகிதம் 4:1, மிக ஓங்கிய அடிகளில் மட்டும் 3 அல்லது 4 டெசிபெல் குறைப்பு. எல்லா அடியிலும் முள் ஆடினால் எல்லை மட்டம் தாழ்ந்துவிட்டது என்று பொருள். தொப்பிக்கு அதே கருவியை மிக வேக அட்டாக்கில் போட்டால் வேறு கேடு வரும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 12.5 மில்லி விநாடி நீளம். 0.02 மில்லி விநாடி வேகமுள்ள கருவி அந்த அலையின் ஒவ்வொரு முகட்டையும் தனித்தனி அடியாக எண்ணி அமுக்கும். விளைவு உருக்குலைவு. ஆகவே தொப்பிக்கு விசிஏ வகை, அட்டாக் 20 முதல் 30 மில்லி விநாடி. கோல் தோலைத் தொடும் கணம் முழுதாக வெளியே வரும், பின்தொடரும் உடல் அடங்கும். அட்டாக்கைக் குறைத்தால் தவில் கேட்பவரைவிட்டுப் பின்னால் தள்ளி நிற்கும். கூட்டினால் முன்னால் வரும். மேடையில் இடம் மாற்றி உட்காரவைப்பதுபோல இந்த ஒரு குமிழால் செய்யலாம்.

ரிலீஸில்தான் உண்மையான சோதனை இருக்கிறது. நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஓர் அட்சரம் 750 மில்லி விநாடி. தனியின் தொடக்கத்தில் அட்சரத்துக்கு 2 அடி விழுகிறது என்றால் அடிகளுக்கிடையே 375 மில்லி விநாடி இருக்கும். ரிலீஸை 300 மில்லி விநாடி என்று வைத்திருந்தாலும் கம்ப்ரசர் ஒவ்வோர் அடிக்கும் முன் ஏறக்குறைய மீண்டுவிடும். கேட்க நன்றாகவும் இருக்கும். வித்துவான் படிப்படியாகக் காலத்தைக் கூட்டி அட்சரத்துக்கு 8 அடிக்கு வரும்போது இடைவெளி 94 மில்லி விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது ஷட்டரை ஏற்றுவதற்குள் அடுத்த வெள்ளம். அது இறங்கியே நிற்கிறது. மேளம் உச்சத்துக்கு ஏற ஏற, கூட்டம் தலையாட்டத் தொடங்கும் அந்த நேரத்தில், பதிவில் தவில் அடங்கிக்கொண்டே போகிறது. கேட்பவருக்குக் காரணம் தெரியாது. "நேரில் கேட்டதுபோல் இல்லை" என்று மட்டும் சொல்வார்.

ராக் இசையில் டிரம் அடிகளின் அடர்த்தி ஒரு பாடலுக்குள் இவ்வளவு மாறுவது அரிது. எனவே டிரம்ஸுக்கான முன்னமைப்புகளில் இந்த எச்சரிக்கை இருக்காது. தவிலுக்கு ரிலீஸைப் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டு அமைக்காமல், மோராவும் கோர்வையும் வரும் மிக அடர்ந்த பகுதியைச் சுழலவிட்டு அமைக்க வேண்டும். மேலே சொன்ன வேகத்துக்கு 80 முதல் 90 மில்லி விநாடி. அப்படியும் அடங்கினால் விகிதத்தை 2:1க்கு இறக்கலாம். அல்லது அந்தப் பகுதியில் மட்டும் எல்லை மட்டம் 3, 4 டெசிபெல் உயரும்படி ஆட்டோமேஷன் எழுதலாம். பின்னது சோம்பல் தருவது, ஆனால் சிறந்தது.

நாகசுரம்

நாகசுரத்துக்கு அடிமுனை என்று ஒன்று பெரிதாக இல்லை. சீவாளியில் மூச்சு நுழைந்தது முதல் ஒலி தொடர்ந்து ஓடும் ஆறு. இன்று பரவலாக வாசிக்கப்படும் நீளமான பாரி நாகசுரம் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் நிலைபெற்றது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் இக்கருவிக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திறந்த வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு முன் நடந்து வாசிப்பதற்கென்றே உருவான ஒலி இது. மூடிய அறையில் மைக்குக்கு முன் அது அடங்க மறுப்பதில் வியப்பில்லை.

இதற்கு வேகக் கருவி பொருந்தாது. ஒளி வகை போன்ற மெதுவான கருவி, 2 அல்லது 3 டெசிபெல் குறைப்பு, அவ்வளவே. ஆலாபனையில் ஒரு சுரத்தை மெல்லத் தொடங்கி ஊதிப் பெருக்கி மீண்டும் கரையவிடுவது வித்துவானின் மூச்சுப் பயிற்சி. அந்த வளைவைச் சமமட்டமாக்குவது ராகத்தைத் திருத்துவதற்கு ஒப்பு. கமகத்தின் அசைவும் அப்படியே. 50 மில்லி விநாடி ரிலீஸ் உள்ள கருவி ஒவ்வோர் அசைவுக்கும் ஏறி இறங்கி, இல்லாத ஒரு நடுக்கத்தைச் சேர்த்துவிடும்.

தாரஸ்தாயியில் காதைக் குத்துகிறது என்று சிலர் மொத்தக் கருவியையும் அமுக்குகிறார்கள். குத்துவது மொத்த ஒலியன்று, பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி மட்டும். அந்தப் பகுதி எல்லை மீறும்போது அதை மட்டும் குறைக்கும் மல்டிபேண்ட் கம்ப்ரசரோ டைனமிக் ஈக்வலைசரோ போதும். கீழ்ஸ்தாயியின் கனம் அப்படியே இருக்கும்.

1962இல் வெளியான கொஞ்சும் சலங்கை படத்தின் "சிங்காரவேலனே தேவா" பாடலை இங்கே ஒருமுறை ஹெட்போனில் கேட்பது நல்ல பாடம். எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. இயல்பில் இரண்டுக்கும் உள்ள ஒலியளவு வேறுபாடு பெரிது. பாட்டிலோ ஒன்று மற்றதை மூடுவதில்லை, நாகசுரம் தன் வீரியத்தையும் இழக்கவில்லை. குரலும் கருவியும் மாறி மாறி வரும் இத்தகைய அமைப்புக்கு இன்றும் முதல் மருந்து ஃபேடர்தான். எந்த வரிக்கு எவ்வளவு என்று கையால் ஏற்றி இறக்கிய பிறகு கம்ப்ரசருக்கு மிஞ்சும் வேலை சிறியது. அதை அது அழகாகச் செய்யும்.

இரண்டை அடுத்தடுத்து வைத்தல்

முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்பவானோடை தர்கா, நாகூர் தர்கா போன்ற இடங்களைச் சூழ்ந்து வளர்ந்த தமிழ் இசுலாமியப் பாடல் மரபில் குரலே தலைவாசல். நாகூர் இ. எம். ஹனிபாவின் (1925–2015) பாடல்களைக் கேட்டவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். தாழ்ந்த தொகையறாவாகத் தொடங்கும், பின் பல்லவி உச்சஸ்தாயியில் கம்பீரமாக எழும். உடன் தப்ஸ், தபேலா, ஆர்மோனியம். இம்மாதிரிக் குரலில் இரண்டு வேறுபட்ட சிக்கல்கள் சேர்ந்தே வருகின்றன. திடீரெனத் தெறிக்கும் சொற்கள் ஒன்று. ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் உள்ள பொது அளவு வேறுபாடு மற்றொன்று.

இரண்டையும் ஒரே கம்ப்ரசரால் தீர்க்க முயன்றால் 8, 9 டெசிபெல் குறைப்பு தேவைப்படும். குரல் மூச்சுத்திணறும். வேலையைப் பங்கிட்டால் யாரும் களைப்பதில்லை. முதலில் 1176 வகை, எல்லை மட்டம் உயரத்தில். தெறிக்கும் சொற்களில் மட்டும் 2, 3 டெசிபெல். அடுத்து எல்ஏ-2ஏ வகை, எல்லை மட்டம் தாழ்வாக. பொது அளவை 3 டெசிபெல் அளவுக்குச் சமன்செய்யும். தலைமதகில் வெள்ளத்தைக் கொஞ்சம் தணித்துவிட்டால் கிளைமதகில் இருப்பவர் நிதானமாக வேலைசெய்யலாம் என்பதுதான் இதன் தத்துவம்.

வரிசையை எப்போதும் இப்படியே வைக்க வேண்டியதில்லை. தெறிப்பு குறைவு, ஆனால் தொகையறாவுக்கும் பல்லவிக்கும் அளவு வேறுபாடு மிகப் பெரிது என்றால் மெதுவானதை முதலில் வைப்பது நல்லது. அப்போது பின்னால் வரும் வேகக் கருவிக்கு ஓரளவு சமமான குரல் கிடைக்கும். இல்லையென்றால் அது தொகையறா முழுக்கத் தூங்கிவிட்டு, பல்லவி முழுக்க அமுக்கிக்கொண்டே இருக்கும். இன்னொன்றை மறக்கக் கூடாது. இரண்டு எல்லைகளையும் தாண்டிய ஒலிக்கு விகிதங்கள் ஒன்றோடொன்று பெருகும். 4:1ஐ அடுத்து 3:1 என்றால் அந்த உச்சியில் 12:1, அது கிட்டத்தட்ட லிமிட்டர். இரண்டாவது கருவியில் விகிதத்தைத் தாழ்வாக வைப்பது இதனால்தான்.

கம்ப்ரசருக்கு முன்னால் ஒரு ஹைபாஸ் வடிகட்டி வைத்து, பாடகரின் குரலுக்குக் கீழேயுள்ள மைக் தட்டல், காற்று, மேடை அதிர்வு ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். நம் காதுக்குச் சரியாகக் கேட்காத அந்த அதிர்வு கம்ப்ரசருக்கு நன்றாகவே கேட்கும். அது மேடையில் யாரோ நடந்ததற்காகக் குரலைக் குறைக்கும்.

பக்கவாட்டில் இணைத்தல்

இன்னொரு இணைப்பு முறை, ஒரே தடத்தை இரண்டாக்கி ஒன்றைத் தொடாமல் விட்டு, மற்றதை 10 முதல் 15 டெசிபெல் வரை கடுமையாக அமுக்கி, அடியில் மெல்லக் கலப்பது. நியூயார்க் முறை என்றும் பேரலல் கம்ப்ரஷன் என்றும் இதற்குப் பெயர். வழக்கமான கம்ப்ரசர் உச்சியை வெட்டுகிறது. இது பள்ளத்தை நிரப்புகிறது. உச்சியில் அசல் தடமே ஓங்கி நிற்பதால் அமுக்கிய தடம் தெரியாது. மெல்லிய இடங்களில்தான் அது தலைகாட்டும். நாகசுரம் கரைந்து முடியும் சுரங்கள், தவிலின் விரல்நுனிச் சொற்கள் ஆகியவை கூட்ட இரைச்சலில் தொலையாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. சந்தேகமாக இருந்தால் அமுக்கிய தடத்தை அது காதில் படும்வரை ஏற்றி, பிறகு 2 டெசிபெல் இறக்கிவிடலாம்.

தனித்தனி மைக்கில் சுத்தமாகப் பதிவான தடங்களுக்கே இது பொருந்தும். கோயில் மண்டபத்தில் எல்லாம் எல்லா மைக்கிலும் கசிந்திருக்கும் பதிவில் இதைச் செய்தால், நிரம்புவது பள்ளம் மட்டுமல்ல, மண்டபமும்தான்.

குழுவுக்கு ஒரு கம்ப்ரசர்

இரண்டு நாகசுரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு பஸ்ஸில் சேர்த்து மேலே மெல்லிய கம்ப்ரசர் போடுவது வழக்கம். விகிதம் 2:1, அட்டாக் 30 மில்லி விநாடி, ரிலீஸ் தானியங்கி, குறைப்பு 1 அல்லது 2 டெசிபெல். முள் அசைகிறதா என்று சந்தேகப்படும் அளவே சரியான அளவு. இதில் வரும் இடர் ஒன்றுதான். தொப்பியில் கோல் விழும்போதெல்லாம் நாகசுரம் தலைகுனியும். எல்லாத் தடங்களுக்கும் ஷட்டர் ஒன்றே என்பதால், தவில் செய்த குற்றத்துக்கு நாகசுரமும் தண்டனை பெறுகிறது. கம்ப்ரசரின் சைட்செயின் வழியில் 120, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டிவிட்டால், அது தொப்பியின் தாழ்ந்த ஒலியைப் பொருட்படுத்தாது. வெளியே வரும் ஒலியில் தொப்பியின் கனம் அப்படியே இருக்கும், ஏனெனில் வடிகட்டியது கருவியின் காதைத்தான்.

இதற்குமேல் லிமிட்டரை வைத்து "சத்தமாக" ஆக்கும் பழக்கம் கேசட் கடைக் காலத்திலிருந்து தொடர்வது. இன்று அதற்குப் பயனும் இல்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் பாடல்களைச் சுமார் கழித்தல் 14 எல்யூஎஃப்எஸ் என்ற உரப்பு அளவுக்குச் சமன்செய்கிறது. யூடியூபும் அதே அளவை ஒட்டி, அதற்கு மேலுள்ளதைக் குறைக்கிறது. அடித்து நசுக்கிக் கழித்தல் 8இல் ஏற்றப்பட்ட கலவை, ஒலிக்கும்போது 6 டெசிபெல் இறக்கப்படும். நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

காதைப் பழக்குதல்

அட்டாக்கையும் ரிலீஸையும் கேட்கப் பழக எளிய வழி மிகைப்படுத்துவது. விகிதத்தை 10:1க்கு ஏற்றி, எல்லை மட்டத்தைத் தாழ்த்தி, முள் 15 டெசிபெல் ஆடும்படி செய்ய வேண்டும். ஒலி அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். இந்நிலையில் அட்டாக்கை மட்டும் மெல்லத் திருப்பினால் அடிமுனை தோன்றி மறைவது தெளிவாகக் கேட்கும். பிடித்த இடத்தில் நிறுத்திவிட்டு, ரிலீஸைத் திருப்பித் தாளத்தோடு கருவி மூச்சுவிடும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அதன்பின் விகிதத்தை 3:1க்கோ 2:1க்கோ இறக்கி, எல்லை மட்டத்தை உயர்த்திவிட்டால் வேலை முடிந்தது.

ஒப்பிடும்போது இரண்டும் ஒரே உரப்பில் இருக்க வேண்டும். மேக்கப் கெயினால் 1 டெசிபெல் கூடியிருந்தாலும் கூடியது நன்றாக இருப்பதாகவே காது சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பொத்தானை எத்தனை முறை அழுத்தினோம் என்று மறக்கும்வரை அழுத்தி, பிறகு கேட்டு, எது பிடிக்கிறது என்று முடிவுசெய்தால் பல நேரம் கம்ப்ரசர் இல்லாத பக்கமே வெல்லும். அது தோல்வி அன்று.

கெட்டிமேளத்துக்கு வருவோம். மண்டபத்தில் ஒலித்த அந்த ஏற்றத்தை முழுதாக வைத்தால் கைப்பேசியில் கேட்பவரின் காது தாங்காது. கேமரா செய்ததுபோல் சமமாக்கினால் கல்யாணமே நடக்காததுபோல் இருக்கும். முதல் வேலை பதிவின்போது: கேமராவில் தானியங்கி ஒலியளவை அணைத்துவிட்டு, கெட்டிமேளத்தின் உச்சிக்கு 6 டெசிபெல் இடம் விட்டு மைக் அளவைக் கையால் வைக்க வேண்டும். கலவையில், மேளத்துக்கு முந்தைய அரை நிமிடத்தை ஃபேடரால் மெல்ல 2 டெசிபெல் இறக்கிக்கொண்டே வரலாம். கேட்பவர் உணரமாட்டார். முதல் அடியில் ஃபேடர் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். குழுவின் கம்ப்ரசரை அந்த நேரத்துக்கு மட்டும் பைபாஸ் செய்துவிட்டு, தனித் தவில் தடங்களில் உச்சியைப் பிடிக்கும் வேகக் கருவியை மட்டும் விட்டுவைக்கலாம். முன்னிருந்ததைவிட 6 டெசிபெல்லாவது ஏறி நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மேளம் ஓய்ந்ததும் கம்ப்ரசரை உடனே திரும்பக் கொண்டுவராமல், அட்சதை விழுந்து பேச்சுக் குரல்கள் தாமாக எழும்வரை ஐந்தாறு விநாடி பொறுக்கலாம்.